'அரிகத்தோ' போர்ச்சுக்கீசியச் சொல் அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவரும் உலக மொழிகள் பற்றிய தொடரைத் தொடக்கத்திலிருந்தே விடாமல் படித்து வருகிறேன். சென்ற வாரம் ஜப்பானியச் சொற்களைப் பற்றி வந்த பகுதி ஆர்வத்தோடு எழுதப்பட்டிருந்தது. எனினும் அதிலுள்ள மூன்று கூற்றுகளைத் திருத்தாமல் விடுவது சரியன்று என்று பட்டதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். நன்றி என்று பொருள்படும் 'அரிகத்தோ' என்ற சொல் போர்ச்சுக்கீசியரின் 'ஒப்ரிகாதோ'விலிருந்து வந்தது என்பது முதற்கூற்று. ஜப்பானியச் சொற்களில் பாதிக்கு மேல் சீனத்திலிருந்து வந்தவை, ஆதலால் அம்மொழி சீனத்தின் ஒரு கிளையே என்பது இரண்டாவது. அண்மைக்காலத்தில் ஆங்கிலச் சொற்கள் புகுந்து, அதுவரை தூய்மையாக இருந்த மொழியைக் கெடுத்துவிட்டன என்பது மூன்றாவது. பாதிக்கு மேல் சீனச் சொற்களைக் கொண்ட மொழி ஆங்கிலம் வரும்வரை தூய்மையாக இருந்தது எப்படி என்ற கேள்வி கட்டுரையாளருக்கு எழவில்லை போலும். ஜப்பானிய இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்ப்பதே பல ஆண்டுகளாக என் தொழில். இச்சொற்களோடு நாள்தோறும் மல்லுக்கட்டுபவன் என்ற தகுதிக்கு மேல் வேறெதுவும் எனக்கில்லை.

'அரிகத்தோ'விலிருந்து தொடங்குகிறேன். இதன் பழைய வடிவம் 'அரிகதாஷி'. 'அரி' என்பது இருத்தலைக் குறிக்கும் வினையடி. 'கதாஷி' என்றால் கடினம். இரண்டும் சேர்ந்து, இருப்பதற்கு அரியது, எளிதில் காணக் கிடைக்காதது என்ற பொருளைத் தந்தன. கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டி அரண்மனையில் பணிபுரிந்த சேய் ஷோனகோன் என்னும் பெண்மணி தம் குறிப்பேட்டில் 'அரிகதாகி மோனோ', அதாவது காண்பதற்கு அரியவை, என்று தலைப்பிட்டு ஒரு பட்டியல் எழுதியிருக்கிறார். மாமனார் மெச்சும் மருமகனும் மாமியார் நேசிக்கும் மருமகளும் அப்பட்டியலின் முதலிரண்டு இடங்களில் இருக்கிறார்கள். கிடைப்பதற்கு அரியது கிடைத்தது என்ற உணர்விலிருந்துதான் நன்றி என்ற பொருள் பிற்காலத்தில் கிளைத்தது. போர்ச்சுக்கீசியர் தனெகஷிமா தீவில் கரையேறியதோ 1543ஆம் ஆண்டில். அப்பெண்மணி எழுதி ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆகிவிட்டன. ஒலி ஒத்திருக்கிறது என்பதை மட்டும் கொண்டு உறவு பேசுவதில் உள்ள இடர் இதுதான். 'அரிகத்தோ'வில் தமிழின் 'அரிது' ஒளிந்திருப்பதாக எண்ணி மகிழ்வோரையும் நான் சந்தித்திருக்கிறேன். அங்கே அரிது என்ற பொருளைச் சுமப்பது சொல்லின் பின்பாதியே, முன்பாதி அன்று.

இரண்டாவது கூற்றுக்குச் சற்று விரிவாக விடை சொல்ல வேண்டியிருக்கிறது. ஜப்பானியமும் சீனமும் ஒரே குடும்பத்து மொழிகள் அல்ல. சீனத்தில் எழுவாய்க்குப் பின் வினை வந்து, அதற்குப் பின் செயப்படுபொருள் வரும்; ஜப்பானியத்தில் வினை வாக்கியத்தின் இறுதியில்தான் நிற்கும். சீனத்தில் பெயர்ச்சொற்கள் உருபு ஏற்பதில்லை, வினைகள் விகுதி பெறுவதில்லை. ஜப்பானியத்தில் பெயருக்குப் பின் உருபுகளும் வினைக்குப் பின் காலம், எதிர்மறை, மரியாதை ஆகியவற்றைக் காட்டும் விகுதிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போகும். கடன் வாங்கியவை சொற்களும் எழுத்தும் மட்டுமே. வாக்கியத்தைக் கட்டும் முறையை ஜப்பானியர் கடன் வாங்கவில்லை. ஒரு மொழியின் குடிப்பிறப்பை அதன் அகராதியில் அல்ல, இலக்கணத்தில்தான் தேட வேண்டும்.

எழுத்து வந்த கதையைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. கி.பி. 57இல் சீனாவின் ஹான் பேரரசர், அக்காலச் சீனர் ஜப்பானுக்கு வழங்கிய பெயரான வா நாட்டுச் சிற்றரசர் ஒருவருக்கு அளித்ததாகக் கருதப்படும் பொன்முத்திரை 1784இல் ஷிகானோஷிமா தீவில் கிடைத்தது. அதில் சீன எழுத்துகள் இருந்தாலும், அதைப் பெற்றவர்கள் அவற்றைப் படித்தார்களா என்பது வேறு விஷயம். எழுத்தைத் தங்கள் மொழிக்குப் பயன்படுத்தத் தொடங்கியதற்கான தெளிவான சான்றுகளில் ஒன்று, சைதாமா மாநிலத்தின் இனாரியாமா கல்லறைமேட்டில் கிடைத்த இரும்பு வாள். 1978இல் ஊடுகதிர்ப் படம் எடுத்தபோது, துருவுக்கு அடியில் பொன்னிழைத்த 115 எழுத்துகள் தெரிந்தன. அதில் குறிப்பிடப்படும் ஆண்டு 471 என்று பெரும்பாலான அறிஞர்கள் கொள்கிறார்கள். வாசகம் சீனத்தில் இருந்தாலும், 'வகதாகேரு' என்ற மன்னரின் பெயர் முதலான ஜப்பானியப் பெயர்கள் பொருளைக் கருதாமல் ஒலிக்காகவே எடுத்துக்கொண்ட சீன எழுத்துகளால் எழுதப்பட்டிருக்கின்றன. பிற்காலத்தில் ஹிரகானா, கத்தகானா என்னும் இரண்டு அசையெழுத்து முறைகள் உருவானது இந்த உத்தியிலிருந்துதான்.

அடுத்து, சீனச் சொற்கள் ஒரே நாளில் ஒரே கப்பலில் வந்து இறங்கியவை அல்ல. கொரியத் தீபகற்பம் வழியாகவும் பௌத்தத்தின் வழியாகவும் முதலில் வந்து படிந்த ஒலிப்புக்கு 'கோ-ஓன்' என்று பெயர். 7ஆம், 8ஆம் நூற்றாண்டுகளில் சீனாவின் தாங் அரசின் தலைநகருக்குத் தூதர்களும் மாணவர்களும் போய்வந்ததால் ஏற்பட்ட ஒலிப்பு 'கான்-ஓன்'. ஜென் துறவிகளும் வணிகர்களும் பின்னர் கொண்டுவந்தது 'தோ-ஓன்'. புதியது வந்ததும் பழையது மறைந்துவிடவில்லை என்பதுதான் இதில் வியப்பு. செல்லுதல் என்ற பொருளுள்ள ஒரே சீன எழுத்து, துறவுப் பயிற்சியைக் குறிக்கும் 'ஷுக்யோ'வில் 'க்யோ' என்றும், வங்கியைக் குறிக்கும் 'கின்கோ'வில் 'கோ' என்றும், பழங்கால விளக்கைக் குறிக்கும் 'அன்தோன்' என்ற சொல்லில் 'அன்' என்றும் ஒலிக்கிறது. சீனாவில் அந்த எழுத்தின் பழைய ஒலிகள் மாறிப்போயின; ஜப்பானிலோ அவை மரத்தின் வளையங்கள் போல ஒன்றைச் சுற்றி ஒன்றாக இன்றும் நிற்கின்றன. பழஞ்சீனத்தின் ஒலிகளை மீட்டெடுக்க முயலும் அறிஞர்கள் ஜப்பானிய ஒலிப்புகளையும் சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இவற்றுக்கும் மேலாக, அதே எழுத்தைத் தங்கள் சொந்தச் சொல்லாலும் படிக்கும் வழக்கத்தை ஜப்பானியர் ஏற்படுத்திக்கொண்டார்கள். மலைக்குரிய எழுத்தைத் தனியே கண்டால் 'யமா' என்பார்கள். அது சொந்தச் சொல். சீன ஒலியில் படித்தால் அது 'சான்'. ஃபுஜி மலையை 'ஃபுஜி-சான்' என்பதைக் கேட்டுவிட்டு, ஜப்பானியர் மலையையும் மரியாதை விகுதி சேர்த்து அழைக்கிறார்கள் என்று உருகி எழுதுவோர் பலர் இருக்கிறார்கள். அந்தச் 'சான்' மலையைக் குறிக்கும் சீனச் சொல்லே. ஆட்பெயருக்குப் பின்னால் வரும் மரியாதைச் 'சான்' அன்று. தங்கள் கட்டுரை இந்தப் பள்ளத்தில் விழவில்லை என்பதையும் நன்றியோடு குறிப்பிடுகிறேன்.

பாதிக்கு மேல் சீனம் என்ற கணக்குக்கு வருகிறேன். 1948இல் நிறுவப்பட்ட ஜப்பானின் தேசிய மொழி ஆய்வு நிறுவனம், 1956ஆம் ஆண்டில் வெளிவந்த 90 இதழ்களின் சொற்களைக் கணக்கெடுத்தது. வெவ்வேறு சொற்கள் எத்தனை என்று எண்ணியபோது சீன வழிச் சொற்கள் 47.5 விழுக்காடு, சொந்தச் சொற்கள் 36.7 விழுக்காடு, மேலைநாட்டுச் சொற்கள் 9.8 விழுக்காடு, கலப்புச் சொற்கள் 6 விழுக்காடு என்று வந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் எத்தனை முறை வருகிறது என்பதையும் சேர்த்து எண்ணியபோது கணக்கு தலைகீழாயிற்று. சொந்தச் சொற்கள் 53.9 விழுக்காடாக உயர்ந்தன. சீன வழிச் சொற்கள் 41.3 விழுக்காட்டிலும் மேலைநாட்டுச் சொற்கள் 2.9 விழுக்காட்டிலும் நின்றன. அதுவும் அச்சிட்ட இதழ்களில். வீட்டுப் பேச்சில் சொந்தச் சொற்களின் பங்கு இன்னும் கூடுதலாகவே இருக்கும். வா, போ, பார், சாப்பிடு, கண், கை, தாய், மழை, இது, அது என்று மூச்சுக்கு மூச்சு வரும் சொற்கள் எல்லாம் ஜப்பானியத்தின் சொந்தச் சொற்கள். அகராதியை எண்ணுபவருக்கு, ஆண்டுக்கு ஒருமுறை வரும் சட்டச் சொல்லும் நாளுக்கு நூறு முறை வரும் 'வா'வும் ஒரே எடைதான். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விழுக்காட்டை மட்டும் அச்சிட்டால் வாசகர் தவறான முடிவுக்கே வருவார்.

எந்தச் சொல்லை எங்கே வைப்பது என்பதில் ஜப்பானியர் காட்டும் நுணுக்கமும் கருதத்தக்கது. 31 அசைகளில் அமையும் 'வாகா' என்ற மரபுக் கவிதையில் சீன வழிச் சொற்களைத் தவிர்ப்பது நெடுங்கால வழக்கமாக இருந்தது. அரசாணையிலோ அவை இல்லாமல் ஒரு வரி நகராது. தொடங்குவதை 'ஹஜிமேரு' என்றால் வீட்டுப் பேச்சு. 'கைஷி சுரு' என்றால் அறிவிப்புப் பலகை. 'ஸ்தாத்தோ சுரு' என்றால் விளம்பரம். தங்கும் இடத்தைச் சொந்தச் சொல்லால் 'யதோயா' என்றால் பழைய காலத்துச் சத்திரம் மனத்தில் வரும். சீன வழியில் 'ர்யோகான்' என்றால் பாய் விரித்த மரபு விடுதி. 'ஹொதேரு' என்றால் கட்டில் போட்ட அறை. மூன்று மொழிகளிலிருந்து மூன்று சொற்கள் வந்தும் ஒன்று மற்றொன்றைத் தள்ளிவிடவில்லை. பொருளைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டன.

சீனத்தின் வழியே இந்தியச் சொற்களும் ஜப்பானுக்குப் போயின என்பதைக் கட்டுரை தொடாதது வியப்பாக இருந்தது. கொடை என்னும் 'தானம்', துறவிக்குக் கொடையளிப்பவரைக் குறித்து, பின்னர் புரவலரைக் குறித்து, இறுதியில் 'தன்னா' என்ற வடிவில் வீட்டு எசமானரையும் கணவரையும் குறிக்கும் பேச்சுச் சொல்லாகிவிட்டது. கணப்பொழுதைக் குறிக்கும் 'க்ஷணம்' அங்கே 'செத்ஸுனா'. 'நரகம்' அங்கே 'நரகு'. கபுகி நாடக மேடைக்கு அடியிலுள்ள இருட்டறைக்கும் அதுவே பெயர். உடலைக் குறிக்கும் 'சரீரம்' புத்தரின் எலும்பெச்சத்தைக் குறிக்கும் 'ஷாரி' ஆகி, அதன் வெண்மணி போன்ற தோற்றத்தால் சுஷி சமைப்போர் வழக்கில் சோற்றைக் குறிக்கிறது. 'தியானம்' சீனத்தில் 'சான்' ஆகி, ஜப்பானில் 'ஜென்' ஆன கதையைப் பலரும் அறிவர். சொற்களோடு ஒழுங்கும் சேர்ந்தே போயிற்று. ஜப்பானியக் குழந்தைகள் இன்றும் அசையெழுத்துகளை அ, இ, உ, எ, ஒ என்றும் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்றும் வரிசைப்படுத்திப் படிக்கிறார்கள். அந்த 'ஹ' முற்காலத்தில் 'ப' என ஒலித்தது என்பதை நினைவில் கொண்டால் தமிழ் வாசகருக்கு அவ்வரிசை எங்கோ கேட்டதாகத் தோன்றும். பௌத்தத் துறவிகள் வடமொழி ஒலியியலைப் பயின்றதன் தடம் அது.

போர்ச்சுக்கீசியரிடமிருந்து 'அரிகத்தோ' வரவில்லையே தவிர, வேறு பல வந்தன. ரொட்டியைக் குறிக்கும் 'பன்', புகையிலையின் 'தபாகோ', மழை அங்கியான 'கப்பா', பொத்தானைக் குறிக்கும் 'போதன்', நட்சத்திரம் போன்ற சர்க்கரை மிட்டாயான 'கொன்பெய்தோ' எல்லாம் 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளின் வரவுகள். இயேசு சபைத் துறவிகள் 1603இல் நாகசாகியில் அச்சிட்ட ஜப்பானிய-போர்ச்சுக்கீசிய அகராதியில் ஏறத்தாழ 32,000 சொற்கள் இருந்தன. அக்காலப் பேச்சொலியை அறிய இன்றும் அறிஞர்கள் அதைத்தான் நாடுகிறார்கள். 1639இல் போர்ச்சுக்கீசியர் வெளியேற்றப்பட்ட பிறகு, 1641 முதல் நாகசாகித் துறைமுகத்தின் தெஜிமா என்ற செயற்கைத் தீவுக்குள் ஒடுங்கிய டச்சுக்காரர்கள் மட்டுமே ஐரோப்பாவுக்கான வாசலாக இருந்தார்கள். பீரைக் குறிக்கும் 'பீரு', காப்பியின் 'கோஹீ', ரப்பரின் 'கோமு', பம்பின் 'பொன்பு', கண்ணாடி வில்லையின் 'ரென்ஸு', அறுவைக் கத்தியான 'மெசு', பள்ளிக் குழந்தைகளின் தோல் முதுகுப்பையான 'ரன்தொசேரு' ஆகியவை அந்தச் சிறு தீவிலிருந்து புறப்பட்டவை.

ஒரே வேர் வெவ்வேறு வாசல்களில் நுழைந்தால் என்னவாகும் என்பதற்கு இங்கே அருமையான சான்றுகள் கிடைக்கின்றன. போர்ச்சுக்கீசியர் வழியாக வந்த 'கருதா' விளையாட்டுச் சீட்டு. ஜெர்மன் மருத்துவக் கல்வி வழியாக வந்த 'கருதே' நோயாளியின் குறிப்பேடு. ஆங்கில வழியில் வந்த 'காதோ' கடனட்டை போன்றவற்றுக்குரியது. ஐரோப்பாவில் மூன்றும் ஒரே சொல்தான். டச்சு வழியில் வந்த 'கராசு' சன்னல் கண்ணாடி. ஆங்கில வழியில் வந்த 'குராசு' மது அருந்தும் கண்ணாடிக் கிண்ணம். இதைவிட விந்தை, 'ஸ்ட்ரைக்' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லே இரண்டாகப் பிரிந்தது: தொழிலாளர் வேலைநிறுத்தம் 'சுதொராய்கி', பேஸ்பால் ஆட்டத்தில் வருவது 'சுதொராய்கு'. இறுதி உயிரெழுத்தை மாற்றிப் பொருளைப் பிரித்துக்கொண்டார்கள். ஜெர்மனின் 'அருபைதோ' பகுதிநேர வேலையையும், பிரெஞ்சின் 'அன்கேத்தோ' கருத்துக் கணிப்பையும், ரஷ்யனின் 'இகுரா' சால்மன் மீனின் முட்டையையும் குறிக்கின்றன. வடக்கே ஐனு மக்களின் மொழியிலிருந்து கடல் நீர்நாயைக் குறிக்கும் 'ரக்கோ'வும், கலைமானைக் குறிக்கும் 'தோனகாய்' என்ற சொல்லும் வந்தன. மேலைநாட்டுச் சொற்கள் என்றாலே ஆங்கிலம் என்று எழுதுவது இவர்கள் எல்லோரையும் கணக்கிலிருந்து அடித்துவிடுகிறது.

இந்த மொழியின் போக்கை எனக்கு உண்மையாக விளக்கியது, டச்சு நூல்களை மொழிபெயர்த்தவர்களின் கதை. சுகிதா கென்பாகுவும் மாயெனோ ர்யோதாகுவும் அவர்தம் நண்பர்களும் டச்சு உடற்கூற்று நூல் ஒன்றை மொழிபெயர்த்து 1774இல் வெளியிட்டார்கள். நரம்பு என்பதற்கு ஜப்பானியத்தில் சொல் இல்லை. டச்சுச் சொல்லை அப்படியே எழுதாமல், உயிராற்றலையும் தடத்தையும் குறிக்கும் இரண்டு சீன எழுத்துகளைச் சேர்த்து 'ஷின்கேய்' என்று புதிதாகச் செய்தார்கள். 1837 முதல் வெளிவந்த வேதியியல் நூலில் உதகாவா யோஆன் செய்ததும் அதுவே. உயிர்வளிக்கு டச்சுச் சொல்லின் பொருள் புளிப்பின் மூலம். அவர் 'சன்சோ' என்றார். நைட்ரஜனுக்கு டச்சுச் சொல்லின் பொருள் மூச்சை அடைக்கும் பொருள். அவர் 'சிஸ்ஸோ' என்றார். இவற்றின் ஒலி சீனம், கருத்து ஐரோப்பியம், செய்தவர் ஜப்பானியர். இத்தகைய சொல்லைச் சீனக் கடன் என்று எந்தக் கணக்கில் எழுதுவது? அகராதியில் சீன வழிச் சொல் என்ற குறியோடு நிற்பவற்றில் பல, சீனர்கள் அதுவரை கேட்டறியாதவை.

மெய்ஜி பேரரசர் காலத்தில் (1868–1912) இவ்வேலை பெருகிற்று. நிஷி அமானே மெய்யியலுக்குத் 'தெத்ஸுகாகு' என்ற சொல்லை ஆக்கினார். சமூகத்தைக் குறிக்கும் 'ஷகாய்' என்ற சொல், பழஞ்சீனத்தில் நிலத்தெய்வத்தின் கோயிலையொட்டி ஊரார் கூடுவதைக் குறித்தது. 1875இல் செய்தியாளர் ஃபுகுச்சி கெனிசிரோ அதை இன்றைய பொருளில் பத்திரிகையில் எழுதிய பின் அது நிலைபெற்றது. உலகைச் சீராக்கி மக்களைக் காத்தல் என்ற பழைய நான்கெழுத்துத் தொடரின் சுருக்கமான 'கெய்ஸாய்' பொருளாதாரத்துக்குப் பெயராயிற்று. 1895இல் ஜப்பானிடம் சீனா போரில் தோற்றது. மறு ஆண்டு முதல் சீன மாணவர்கள் ஜப்பானுக்குப் படிக்க வரத் தொடங்கினார்கள். திரும்பியபோது இச்சொற்களையும் உடன் கொண்டுபோனார்கள். எழுத்து ஒன்றே என்பதால், சீன ஒலியில் படித்தால் போதும், அவை சீனச் சொற்களாகிவிடும். மொழிபெயர்ப்பில் பெரும் புலமை மிக்க சீன அறிஞர் யான் ஃபூ, பொருளாதாரத்துக்கும் சமூகவியலுக்கும் தாமே வேறு சொற்களை ஆக்கிக் கொடுத்துப் பார்த்தார். ஜப்பானிலிருந்து வந்தவற்றின் முன் அவை நிற்கவில்லை. தொலைபேசிக்குச் சீனத்தில் முதலில் ஆங்கில ஒலியைப் பெயர்த்தெழுதிய 'தெலுஃபெங்' என்ற சொல் வழங்கிற்று. அதையும் ஜப்பானில் பிறந்த 'மின்பேச்சு' என்ற கூட்டுச்சொல் வென்றது. வேதியியலில் மட்டும் சீனர்கள் தங்கள் வழியில் போனார்கள். தனிமங்களுக்குத் தாங்களே எழுத்துகளைப் புதிதாகச் செய்துகொண்டார்கள். இந்தக் கொடுக்கல் வாங்கலைக் கண்ட பிறகும் தாய், சேய் என்ற உறவுமுறையால் இரு மொழிகளையும் விளக்க முடியுமா என்பதைக் கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும்.

இவ்வளவு சொற்களை ஆக்கியதற்கு ஒரு விலையும் இருந்தது. சீனத்தின் தொனி வேறுபாடுகள் ஜப்பானிய நாவில் மறைந்துவிட்டதால், எழுதும்போது வேறான சொற்கள் ஒலிக்கும்போது ஒன்றாகிவிட்டன. அறிவியலும் 'ககாகு', வேதியியலும் 'ககாகு'. குழப்பம் வரும் இடத்தில் வேதியியலை 'பகேகாகு' என்று பாதி சொந்தச் சொல்லாக மாற்றிச் சொல்வார்கள். நகராட்சிப் பள்ளியும் 'ஷிரித்ஸு', தனியார் பள்ளியும் 'ஷிரித்ஸு'. எனவே ஒன்றை 'இச்சிரித்ஸு' என்றும் மற்றொன்றை 'வதகுஷிரித்ஸு' என்றும் பிரித்துச் சொல்கிறார்கள். சீன ஒலி கைவிடும்போது தாங்க வருவது சொந்தச் சொல்தான்.

மூன்றாவது கூற்றைப் பற்றி. ஆங்கிலச் சொற்கள் பெருகியிருப்பது உண்மை. ஆனால் அவை ஆங்கிலமாகவே இருக்கின்றனவா? என் தொழிலின் தொடக்கத்தில், ஒருவர் தம் 'மன்ஷோ'னில் பொருத்திய குளிர்சாதனம் பற்றிய குறிப்பில் அச்சொல்லை மாளிகை என்று மொழிபெயர்த்து நகைப்புக்கு ஆளானேன். அது அடுக்குமாடி வீடு. 'கொன்சென்தோ' என்றால் சுவரிலுள்ள மின்செருகுவாய், சம்மதம் அன்று. 'கன்னிங்கு' தேர்வில் காப்பி அடிப்பது. 'சுமாத்தோ' ஒல்லியானவர். அழிப்பானைக் குறிக்கும் 'கெஷிகோமு'வில் முன்பாதி சொந்தச் சொல், பின்பாதி டச்சு. வெறுமை என்னும் சொந்தச் சொல்லும் வெட்டப்பட்ட ஆங்கிலச் சொல்லும் சேர்ந்த 'கரவோகே'யை உலகமே கடன் வாங்கியிருக்கிறது. வினைகளைப் பார்த்தால் மொழியின் பிடி இன்னும் தெளிவாகும். பெரும்பாலான அயற்சொற்கள் 'சுரு', அதாவது செய், என்ற துணைவினையோடுதான் வினையாகின்றன. அரிதாக நேரடியாக வினையாகும்போது, பிரெஞ்சு வழியில் வந்த வேலைநாசம் என்ற சொல்லின் முதற்பகுதி 'சபோரு', அதாவது மட்டம் போடு, என்றாகி, 'சபோத்தா', 'சபோரனாய்' என்று சொந்த வினைகளைப் போலவே விகுதி ஏற்கிறது. கெட்டுப்போன மொழி இப்படி நடந்துகொள்ளாது.

அயற்சொற்களை விரட்டும் முயற்சியும் நடந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலம் பகைவர் மொழி என்று ஒதுக்கப்பட்டு, பேஸ்பால் நடுவர் 'சுதொராய்கு' என்பதற்குப் பதிலாக 'யோஷி' என்று கூவினார். போர் முடிந்ததும் பழைய சொல் திரும்பிவிட்டது. ஆனால் அயற்சொற்கள் பெருகியதால் முதியோர் படும் அவதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2013இல் கிஃபு மாநிலத்தைச் சேர்ந்த 71 வயது முதியவர் ஒருவர், பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. அயற்சொற்களை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவது தமக்கு மனவேதனை தருகிறது என்று கூறி 14,10,000 யென் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கு தள்ளுபடியானது. அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. மேற்சொன்ன தேசிய மொழி ஆய்வு நிறுவனம் 2002 முதல் 2006 வரை, விளங்காத அயற்சொற்கள் 170க்கும் மேற்பட்டவற்றுக்கு மாற்றுச் சொற்களைப் பரிந்துரைத்தது. முதியோர் காலையில் வந்து மாலையில் திரும்பும் பராமரிப்பு நிலையத்துக்கு 'தேய் சாபிசு' என்று பெயரிட்டதுதான் அங்கே சிக்கல். யாருக்காக அச்சேவையோ அவர்களுக்கே பெயர் புரியவில்லை. பிழை அலுவலகங்களின் சோம்பலில் இருக்கிறதே தவிர, அயற்சொல் என்பதில் இல்லை. ஏனெனில் அந்நிறுவனம் பரிந்துரைத்த மாற்றுகளில் பலவும் சீன எழுத்துகளால் ஆன கூட்டுச்சொற்களே. ஓராயிரம் ஆண்டுக்கு முன் அவையும் அயல்தான்.

ஒரு சிறு குறிப்பு. ஜப்பானியத்துக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று பேராசிரியர் சுசுமு ஓனோ முன்வைத்த கருத்தைச் சில வாசகர்கள் இத்தொடரில் எதிர்பார்க்கக்கூடும். மொழியியலாளரிடையே அது பரவலாக ஏற்கப்படவில்லை. ஏற்பதும் மறுப்பதும் ஒருபுறம் இருக்க, அது மொழியின் தோற்றம் பற்றிய கேள்வி. கடன்சொற்கள் பற்றிய இந்தப் பேச்சோடு அதைக் கலக்காமல் இருப்பது நல்லது.

ஆகவே, 'அரிகத்தோ' பற்றிய வரிக்கு வரும் இதழில் திருத்தம் வெளியிடுமாறும், விழுக்காட்டுக் கணக்கைத் தரும்போது அது வெவ்வேறு சொற்களின் எண்ணிக்கையா, அவை பயின்று வரும் எண்ணிக்கையா என்பதைக் குறிப்பிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பகுதி கொரிய மொழி பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். உயிர்வளியை அங்கேயும் 'சன்சோ' என்றே சொல்கிறார்கள். உதகாவா யோஆனின் பெயருக்கு அங்காவது இரண்டு வரி ஒதுக்கினால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்